கோகிலவாணியைக் கப்பலை விட்டு இறக்கச் சொன்னது நான்தான்

இயேசு மரி சூசை

கொண்டப்பநாயக்கன்பட்டி,
செவ்வாய்க்கிழமை.

சென்னையில் இருக்கும் என் அருமைப் பேரன் ஜெரினுக்கு உன் அப்பாயி ஆரோக்கியம் முத்தங்களோடு எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்காள் ஹெலன் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். அவளைவிட வயதில் மூத்தவர்களே அவள் வந்தால் எழுந்து நிற்கிறார்களாம். அவள் மகன் நான்கு வயதில் விசுவாசப் பிரமாணத்தை மூச்சு விடாமல் சொன்னான், நடுவில் ஒரு வரியைப் பங்குச்சாமியாரே மறந்துபோய் இவன் வாயைப் பார்த்தார். உன் சித்தப்பா மகன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போய் போர் போட்டதில் தண்ணீர் தென்னைமர உயரத்துக்குப் பீறிட்டு அடித்ததாம், அந்த ஊர்க்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். அவன் தங்கை பத்தாம் வகுப்பில் கணக்குக்கு நூறு வாங்கினாள். தமிழில் குறைந்தது திருத்தியவருடைய தப்பு. உன்னைப் பற்றி உனக்கே சொல்ல வேண்டியதில்லை. டிவியில் 'எழுத்து: ஜெரின் பிரான்சிஸ்' என்று வரும்போது நான் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பேன், அது மறைந்த பிறகுதான் உட்காருவேன். இதையெல்லாம் எதற்கு முதலில் எழுதுகிறேன் என்றால், இனிமேல் எழுதப்போவதைப் படிக்கும்போது நம் குடும்பத்தில் எல்லோரும் என்னைப் போல இல்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் கிழவி என்று கேட்பாய். ஒன்று, வாயால் சொல்ல எனக்கு முகம் இல்லை. இரண்டு, என் போனை உன் அம்மா பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். அவள் செய்தது சரிதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கையில் அதைக் கொடுத்ததே தப்பு என்று நானே ஒத்துக்கொள்கிறேன்.

உன் 'பனிச்சரக்கு' தொடர் வந்த நாளிலிருந்து அதை நம் தெருவில் பரப்பியது யார்? நான். சனிக்கிரகத்து வளையத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு தண்ணீர் இல்லாத கிரகங்களுக்குப் போகிற கப்பல் என்று சொன்னால் யாருக்கும் புரியவில்லை. 'லாரிதான், சக்கரம் மட்டும் கிடையாது' என்று நான் சொன்ன பிறகுதான் புரிந்தது. நம் தெருக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்கிற அன்பியத்துக்கு நான்தானே தலைவி, அதனால் ஜெபமாலை முடிந்ததும் சுண்டல், சுண்டலுக்குப் பிறகு பனிச்சரக்கு என்று ஒரு ஒழுங்கு வைத்துவிட்டேன். வருகிறவர்கள் எண்ணிக்கை கூடியது. எதிர்வீட்டு சௌந்திரம் மாரியம்மனைக் கும்பிடுகிறவள், அவளும் ஜெபமாலை முடிகிற நேரம் பார்த்துச் சரியாக வந்துவிடுவாள். ஐந்து வாரமும் பனிக்கட்டித் திருடர்கள், துரத்தல், வெளிச்சம் கக்குகிற துப்பாக்கி என்று நன்றாகப் போயிற்று. ஆறாவது வாரம் நம் வீட்டில் கூடினோம், அன்றைக்கு வந்தது அந்த 'விழித்திருப்பவள்' பாகம்.

நீ எழுதியது உனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நான் எப்படிப் பார்த்தேன் என்று தெரிந்தால்தான் என் புத்தி எப்படி வேலை செய்தது என்று உனக்கு விளங்கும். கப்பலில் எல்லோரும் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்து மாதக்கணக்கில் தூங்குகிறார்கள். ஒருவர் மட்டும் முறை போட்டு விழித்திருந்து கப்பலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை முறை ஸ்டோர் ரூம் பொறுப்பில் இருக்கிற கோகிலவாணிக்கு. கிராப்பு வெட்டிய நரைத்தலை, வெள்ளிக் கலரில் பேண்ட்டு. இந்தக் கிழவி ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கண்ணாடியைத் துடைக்கிறாள், துடைத்துக்கொண்டே உள்ளே தூங்குகிறவனிடம் தன் பேரன் பேத்திகளுடைய பெருமையைச் சொல்கிறாள். பெரியவன் என்ன பரீட்சை பாஸ் பண்ணினான், சின்னவள் என்ன மெடல் வாங்கினாள். ஒரு மணி நேரம் இதுவே. திருடன் வரவில்லை, துப்பாக்கி வரவில்லை, ஒரு கல் வந்து கப்பலில் முட்டக்கூட இல்லை.

"இப்பத் துப்பாக்கி வருமுங்களா?" என்று சௌந்திரம் கேட்டாள்.

"பொறு, வரும்" என்றேன். வரவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "யாருடி இவ, தூங்கறவன்கிட்டப் போயி பேரன் பெருமை பேசறவ? கேக்க ஆளில்லைன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கறது! இவ பேரம்பேத்திதான் ஒலகத்துல ஒசத்தியா?" என்று சத்தமாகவே சொன்னேன்.

நான் இதைச் சொன்னதும் தெருக்கோடி வீட்டுக்காரிக்குச் சுண்டல் புரையேறி இருமல் வந்தது. உன் அம்மா அக்சிலியா எழுந்து அடுப்படிக்குள் போனவள், அங்கே ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். சௌந்திரம் மட்டும் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்றது ரொம்பச் சரிங்க ஆரோக்கியம்மா. இப்படி ஒரு பொம்பளைய நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்றாள்.

"எங்க பரம்பரையிலயே பாத்ததில்ல" என்றேன். சாமி, இந்த வாய் அதைச் சொல்லிற்று.

அதோடு விட்டிருக்கலாம். படம் முடிந்ததும் கீழே ஜனங்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தேன். பெரிய சண்டை. 'கிழவி கண்ணாடி துடைப்பதைப் பார்க்கவா டேட்டா செலவு செய்தேன்' என்று ஒருவன். 'இதைப் பார்த்துவிட்டு எங்கம்மாவுக்குப் போன் போட்டுப் பேசினேன்' என்று இன்னொருவன். 'இது விண்வெளித் தொடரா, முதியோர் இல்லமா' என்று ஒருத்தி, அவளுக்குக் கீழே 'உனக்கு வயசாகட்டும்' என்று வேறொருத்தி. திட்டுகிறவர்கள்தான் அதிகம். இந்தக் கிழவியால் என் பேரன் எழுதுகிற தொடரை ஜனங்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்களே, நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று போனை எடுத்தேன். திருப்பலி நேரலை பார்ப்பதற்காக ஹெலன் அன்பியத்தின் பெயரில் ஒரு கணக்குப் போட்டுத் தந்திருந்தாள், அதில் எழுத உட்கார்ந்தேன். பெரிய இடத்துக்கு எழுதுவதென்றால் எனக்குத் தெரிந்தது ஒரே மாதிரிதான். ஞாயிறு பூசையில் நம் அன்பியத்தின் முறை வரும்போது மன்றாட்டு எழுதுகிறவள் நான்தானே. அந்தக் கை, அதே போல எழுதிவிட்டது:

'விண்வெளியில் பயணம் செய்வோரை வழிநடத்தும் இயக்குனரே! கோகிலவாணி என்னும் வாயாடிக் கிழவியை அடுத்து வருகிற ஏதாவதொரு கிரகத்தில் பத்திரமாக இறக்கிவிட்டு, சண்டைக் காட்சிகளை எங்களுக்கு நிறைவாகத் தரவேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்.'

எழுதியதைச் சத்தமாக வாசித்தேன். மற்றப் பெண்கள் தாங்களும் ஆளுக்கொன்று போடுகிறோம் என்றார்கள். ஜெபமாலையில் ஆளுக்குப் பத்து மணி சொல்வது போல வரிசையாகப் போனைக் கைமாற்றினோம். விண்வெளிக் குளிரில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தி. அவளுடைய பேரப்பிள்ளைகளில் ஒருவராவது ஏதாவதொரு பரீட்சையில் தோற்று, அதனால் அவளுக்குத் தாழ்ச்சி என்னும் வரம் கிடைக்க வேண்டும் என்று கோடி வீட்டுக்காரி. சௌந்திரம்கூட, "எனக்கும் ஒண்ணு எழுதுங்க" என்று சொல்லச் சொல்ல எழுத வைத்தாள். அப்படி ஒருமனப்பட்ட வேண்டுதலை நம் அன்பியத்தில் நான் கண்டதே இல்லை. தெருவில் ஒரு சின்னப் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்து அதற்காக வேண்டியபோதுகூட இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். அன்றைக்கு ஒருத்தி அசையவில்லை. என் தலைமையால்தான் இந்த ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். யாரோ ஒருவன் அதன் கீழே, பூசையில் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வது போல 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று போட, அதற்குக் கீழே ஊரே அதைப் போட்டது. சிங்கப்பூரிலிருந்து போட்டார்கள். சபரிமலைக்கு மாலை போட்ட பையன் படத்தோடு போட்டான். எங்கள் பால்காரர் பாலை ஊற்றிவிட்டு, "மன்றாட்டு போட்டது உங்க அன்பியமுங்களா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நிஜமான மன்றாட்டு நேரத்தில் பின்னால் நின்ற இளைஞர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் என்னைக் கூப்பிட்டு, "ஆரோக்கியம்மா, மன்றாட்டை ஆண்டவருக்குப் போடணும். டைரக்டருக்குப் போடக் கூடாது" என்றார். அப்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை, கேட்டுக்கொள். உலகம் முழுக்க என் எழுத்து போயிருக்கிறது என்று பெருமையாக இருந்தது. உனக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவாய், ஆனால் நாமாகச் சொல்ல வேண்டாம், அடக்கமாக இருப்போம் என்று நினைத்தேன். நீ போன் செய்து, "அப்பாயி, ஆறாவது பாகம் பாத்தீங்களா?" என்று கேட்டாயே, அப்போது நான் என்ன சொன்னேன்? "பாத்தேன் சாமி. ஏழாவது எப்ப வரும்?" என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. சிக்னல் இல்லை என்று நினைத்து நான் வைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை உன்னைப் பேட்டி எடுத்தார்களே, அதை எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். உன் அப்பா பிரான்சிஸ் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, 'கோகிலவாணிய எறக்கிவிடச் சொல்லி ஊரே மன்றாடுதே, நீங்க என்ன சொல்றீங்க?' என்று கேட்டது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். 'கோகிலவாணி எங்க அப்பாயிங்க. அவங்க பேசினா வீட்டுல யாரும் கேக்க மாட்டோம். பேசாம இருந்தாங்கன்னா எல்லாருக்கும் பயம் வந்துரும். அவங்க இன்னும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. என்ன சொல்வாங்கன்னுதான் காத்திட்டிருக்கேன்' என்றாய்.

நான் பிரான்சிஸைப் பார்த்து, "எந்த அப்பாயிடா? இவனுக்கு வேற அப்பாயி இருக்குதா?" என்று கேட்டேன்.

அவன் டிவியையே பார்த்தான். உன் அம்மா தரையைப் பார்த்தாள். சௌந்திரம்தான் வாயைத் திறந்தாள். "ஏனுங்க ஆரோக்கியம்மா, உங்களுக்கு நெசமாவே தெரியலீங்களா? நாங்க அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டமுங்க."

"கண்டுபுடிச்சிட்டா மன்றாட்டு போட்டீங்க?"

"நீங்கதானுங்களே எங்கள போடச் சொன்னீங்க" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நான் மாரியாத்தாளத் தவிர யார்கிட்டயும் வேண்டிக்கிட்டது இல்லீங்க. அன்னிக்கு மட்டும் மனசு கேக்கல" என்றாள்.

சாமி, எனக்குப் பூமி பிளந்து வழிவிட்டால் தேவலை போல இருந்தது. சுண்டல் தின்றுகொண்டு, என் வீட்டில், என் தலைமையில், என்னை இறக்கிவிடச் சொல்லி என்னையே எழுத வைத்து, எல்லோரும் பக்தியோடு கேட்டிருக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அவர்களிடம் நான் பேசியிருப்பதும் கொஞ்சமா? ஆனால் உன் அம்மா அதற்கப்புறம் சொன்னாள் பார், அதுதான் என்னை உட்கார விடவில்லை. உன் முதலாளிகள் இந்த மன்றாட்டுக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கோகிலவாணியைக் கதவைத் திறந்து வெளியே தள்ளுகிற காட்சியை உன்னையே எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். நீ எழுத மாட்டேன் என்றால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வோம் என்றார்களாம். 'அவன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலீங்கத்தை' என்றாள். என்னைத் திட்டவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கி, என் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்து, பீரோவைப் பூட்டினாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

திங்கட்கிழமை பகலில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு அந்தப் பாகத்தை டிவியில் தனியாகப் போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை துப்பாக்கியை எதிர்பார்க்கவில்லை. ஒரு இடத்தில் அவள் கண்ணாடியைத் துடைக்கப் போகிறாள், கை தானாகத் தோளுக்குப் போகிறது. முந்தானையைத் தேடுகிறது. பேண்ட்டும் சட்டையும் போட்டிருக்கிறவளுக்கு முந்தானை ஏது? கை அங்கே ஒரு நிமிஷம் சும்மா நின்றுவிட்டு, பிறகு உள்ளங்கையாலேயே துடைக்கிறது. அன்றைக்குக் காலையில்தான் நைட்டி போட்டுக்கொண்டு நான் அதே வேலையைச் செய்திருந்தேன். அதை நீ எப்போது பார்த்தாய் ஜெரின்? நீ போனையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்றல்லவா உன்னைத் திட்டுவேன்.

கடைசியில் எல்லோரும் எழுந்திருக்கிற நாளைக்கு அவள் ஒளித்து வைத்திருந்த நல்ல அரிசியை எடுத்துச் சமைக்கிறாள். எழுந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறார்கள். உப்புக் குறைவு என்று ஒருவன் சொல்கிறான். "ஆமாங்க" என்று மட்டும் சொல்கிறாள். பேச எவ்வளவோ வைத்திருப்பாள், அத்தனை மாதம் தனியாக இருந்தவள். ஒரு வார்த்தை. முன்பு பார்த்தபோது 'அப்பாடா, வாயை மூடினாள்' என்று நான் கை தட்டினேன். என்னோடு சேர்ந்து மற்றவர்களும் தட்டினார்கள். இப்போது டிவியை நிறுத்திவிட்டு, யாரும் இல்லாத வீட்டில் உட்கார்ந்து அழுதேன், எனக்காக அழுகிறேனா அவளுக்காகவா என்று தெரியாமல்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அவளைத் தள்ளிவிடுகிற காட்சியை நீ எழுதாதே. இந்தக் கடிதத்தை உன் முதலாளிகளிடம் எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டு. இந்த மன்றாட்டை ஆரம்பித்தது ரசிகர்கள் இல்லை, அந்தக் கோகிலவாணியேதான், தன்னைத் தனக்கே அடையாளம் தெரியாமல் எழுதிவிட்டாள், இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறாள் என்று சொல். என் பெயரைச் சொல், ஊரைச் சொல். அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வாசி. இனிமேல் அந்தப் போனை நான் தொட மாட்டேன். யாரைப் பற்றியும் ஒரு வரி எழுத மாட்டேன். அன்பியத் தலைவி பதவியையும் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன், அடுத்த கூட்டம் கோடி வீட்டில், நான் போகப்போவதில்லை. நீ காத்திருந்த பதிலையும் எழுதிவிடுகிறேன்: நல்லா எழுதியிருக்கிறாய் சாமி. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு சுற்று ஆகிவிட்டது.

லூர்து மாதா உன் பேனாவையும் வயிற்றையும் காப்பாற்றட்டும். உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொண்டு படு.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத உன் அப்பாயி
ஆரோக்கியம்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. அக்சிலியா பீரோச் சாவியை மறந்து மேலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டாள். ஜெபம் கேட்கலாம் என்றுதான் போனை எடுத்தேன். அதில் ஒருவன் கோகிலவாணியை இன்னும் திட்டிக்கொண்டிருந்தான். கை சும்மா இருக்கவில்லை. 'அந்தக் கோகிலவாணி நான்தான். சொல்ல வேண்டியது இருந்தால் நேரில் வந்து சொல். ஏற்காடு ரோட்டில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இறங்கி ஆரோக்கியம் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்' என்று போட்டுவிட்டேன். வந்துவிட்டார்கள். புதுச்சத்திரத்திலிருந்து சென்றாயன் என்று ஒரு பையன், அம்மாபேட்டையிலிருந்து மணிமாறன் என்று ஒருவன், இருவரும் ஒரே காலேஜ். நான் எழுதிய மன்றாட்டை அச்சடித்த பனியன் போட்டிருந்தார்கள். சண்டைக்கு வந்தார்கள் என்று பார்த்தால் காலில் விழுகிறார்கள். "பாட்டிம்மா, அந்த எபிசோட மறுக்கா மறுக்காப் பாத்தேனுங்க. அவங்கள எறக்கவே கூடாதுங்க. பனியன் சும்மா தமாசுக்கு" என்றான் மணிமாறன். நல்ல பிள்ளைகள். சோறு போட்டேன். சாப்பிடும்போது ஹெலனைப் பற்றியும் ஆப்பிரிக்காத் தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன், விசுவாசப் பிரமாணத்தையும் சொன்னேன், பிறகு எல்லோருடைய மார்க்கும் சொன்னேன். மோர் ஊற்றும்போது மணிமாறன் கையைக் கூப்பி, "தப்பா நெனைக்காதீங்க பாட்டிம்மா. ரெண்டு கிரகம் தள்ளியாச்சும் எறக்கி விட்றலாமுங்க" என்றான். எனக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் முதலாளிகளிடம் வாசிக்க வேண்டாம். பதவியையும் நான் விடவில்லை, கோடி வீட்டுக்காரி தலைவியானால் அன்பியம் தாங்காது. கோகிலவாணியைத் தள்ளவும் வேண்டாம், அப்படியே பேச விடவும் வேண்டாம். ஒரு பாகத்துக்கு அவளைப் பெட்டிக்குள் படுக்கவைத்துத் தூங்க வை. உப்புக் குறைவு என்றானே, அவன் விழித்திருக்கட்டும். அத்தனை மாதம் அவன் யாரிடம் பேசுகிறான் என்று நானும் பார்க்கிறேன். அப்புறம், இந்தப் பையன்கள் உன் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஹாலில் இருப்பது சின்னப் பிள்ளையில் நீ கோவிலில் புதுநன்மை வாங்கியபோது வெள்ளைச் சட்டையும் மெழுகுவர்த்தியுமாக எடுத்தது, முன்பல்லும் இல்லை. "இவருங்களா சனிக்கிரகமெல்லாம் எழுதறவரு?" என்று சென்றாயன் கேட்டுவிட்டான். மீசையோடு ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு சாமி. சட்டம் வாங்கி வைத்துவிட்டேன், ஆணியும் அடித்தாயிற்று.